கொப்பியைத் திறவுங்கள்: கொழும்பில் வீட்டுச் செலவைக் குறைத்துக் கடனை அடைப்பது எப்படி

கொட்டாஞ்சேனையில் மேல்மாடியில் இரண்டு அறை வீடு. கணவர், நான், இரண்டு பிள்ளைகள், மாமி. 2023 ஆம் ஆண்டின் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, பிள்ளைகள் படுத்த பிறகு, சாப்பாட்டு மேசையில் எண்பது பக்கக் கொப்பி ஒன்றை விரித்து எங்கள் கடன் முழுவதையும் முதன்முறையாக எழுதினோம். ஆறு லட்சம் இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன். கணவர் ஐந்து என்றார். நாங்கள் கூட்டிக்கொண்டிருந்தபோது மாமி எழுந்து போய், தன் தகரப்பெட்டியிலிருந்து ஓர் அடகுச்சீட்டை எடுத்து வந்து மேசையில் வைத்தார். மூத்தவளின் வகுப்புக் காசுக்காகத் தன் தோட்டை வைத்து எட்டு மாதமாகியிருந்தது. எங்களுக்குச் சொன்னால் மனம் கஷ்டப்படும் என்று சொல்லாமலே வட்டி கட்டி வந்திருக்கிறார். அதையும் சேர்த்தபோது மொத்தம் 994,500 ரூபாய் வந்தது.

அந்தக் கொப்பியில் இன்று எல்லா வரிகளும் சிவப்புப் பேனாவால் அடிக்கப்பட்டுவிட்டன. இரண்டு வருடமும் சில மாதங்களும் எடுத்தன. இப்போது அதே இடத்தில் நிற்கும் குடும்பங்களுக்காக, நாங்கள் செய்ததை வரிசையாக எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லவேண்டும். 2022 செப்டெம்பரில் கொழும்பின் விலைவாசி ஒரு வருடத்துக்கு முன்பிருந்ததைவிட ஏறக்குறைய 70 சதவீதம் உயர்ந்திருந்தது. அந்த வருடம் ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. அதன் பின்னால் கடனட்டை வட்டியும் அடகு வட்டியும் ஏறின. சம்பளம் அசையவில்லை. பால்மாவுக்கும் எரிவாயுவுக்கும் அட்டையைத் தேய்த்த குடும்பங்கள் எத்தனையோ. ஊதாரித்தனத்தால் கடன்பட்டவர்கள் மிகச் சிலர். ஆகவே வெட்கத்தை ஓரமாக வையுங்கள். வெட்கப்பட்டு மறைத்த கடன்தான் எங்கள் வீட்டில் அதிக வட்டி தின்றது.

முதல் படி: எல்லாக் கடனும் ஒரே பக்கத்தில்

கொப்பியில் ஆறு நிரல்கள் போடுங்கள். யாருக்குக் கொடுக்கவேண்டும், மீதி எவ்வளவு, வட்டி எவ்வளவு, மாதத் தவணை எவ்வளவு, எத்தனையாம் திகதி, தவறினால் என்ன போகும். இந்தக் கடைசி நிரலை எழுதாமல் விட்டுவிடாதீர்கள். பின்னால் முடிவெடுக்க அதுதான் உதவும்.

எங்கள் பக்கம் இப்படி இருந்தது. இரண்டு கடனட்டைகளில் 310,000. அடகில் இருந்த நகைகளுக்கு 280,000. குழுக்கடன் 74,000. இலகு தவணையில் எடுத்த குளிர்சாதனப்பெட்டிக்கு 62,000. தெரிந்த ஒருவரிடம் நூற்றுக்குப் பத்து வட்டிக்கு வாங்கிய 50,000. தெருமுனைக் கடையில் கொப்பியில் எழுதி வாங்கியது 18,500. டொரண்டோவில் இருக்கும் அண்ணா அனுப்பிய 200,000. அதற்கு வட்டி இல்லை.

வட்டி நிரலை நிரப்பும்போது கவனம் தேவை. நூற்றுக்குப் பத்து என்றால் மாதத்துக்குப் பத்து, வருடத்துக்கு 120. நாங்கள் அந்த 50,000 ரூபாய்க்குப் பதினான்கு மாதம் ஐயாயிரம் ஐயாயிரமாகக் கட்டியிருந்தோம். 70,000 ரூபாய் போய்விட்டது, முதல் அப்படியே நின்றது. குழுக்கடனிலும் இலகு தவணையிலும் இன்னொரு சிக்கல் உண்டு. மாதம் 2 சதவீதம் என்பார்கள். ஆனால் நீங்கள் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வந்தாலும் வட்டி ஆரம்பத் தொகை முழுவதுக்கும் கணக்கிடப்படும். 60,000 ரூபாயை ஒரு வருடத்தில் இப்படிக் கட்டினால் வட்டி 14,400, மாதத் தவணை 6,200. பார்க்க 24 சதவீதம் போல இருக்கும். குறைந்துவரும் மீதிக்குக் கணக்குப் பார்த்தால் 40 சதவீதத்தைத் தாண்டும். ஆகவே, மீதி குறையக் குறைய வட்டியும் குறையுமா என்று ஒவ்வொரு இடத்திலும் கேளுங்கள்.

யாருக்காவது பிணை நின்றிருந்தால் அதையும் எழுதுங்கள். பழைய கடன்கள் நினைவில் இல்லையென்றால் கொடுகடன் தகவல் பணியகத்தின் அறிக்கையை, நாம் கிரிப் அறிக்கை என்று சொல்வதை, எடுத்துப் பாருங்கள். எவரும் தன் பெயரிலுள்ள அறிக்கையைக் கேட்டுப் பெறலாம். வங்கியிலும் நிதி நிறுவனத்திலும் உள்ள கடன்களோடு நீங்கள் நின்ற பிணையும் அதில் தெரியும்.

பக்கம் நிரம்பியதும் ஒரு கணக்குப் போடுங்கள்: வட்டி மட்டும் ஒரு நாளைக்கு எவ்வளவு? வட்டிக்காரருக்கு மாதம் 5,000. அட்டைகளுக்கு அப்போது மாதம் 7,750. அடகுக்கு நூற்றுக்கு ஒன்றரைப்படி 4,200. இந்த மூன்றுக்கும் சேர்த்து மாதம் 16,950. நாளொன்றுக்கு 565 ரூபாய். அந்த எண்ணைத் தெரிந்துகொண்ட பிறகு எங்கள் வீட்டில் யாரும் யாரையும் சிக்கனமாக இருக்கச் சொல்லவேண்டிய தேவை வரவில்லை.

இரண்டாம் படி: புதுக் கடனை நிறுத்துங்கள்

அட்டைகளைப் பணப்பையிலிருந்து எடுத்துவிடுங்கள். நாங்கள் ஓர் உறையில் போட்டு ஒட்டி மாமியின் தகரப்பெட்டியில் வைத்தோம். கைபேசிச் செயலிகளில் பதிந்து வைத்திருந்த அட்டை இலக்கங்களையும் அழித்தோம்; இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

கடைக் கொப்பியையும் மூடவேண்டும். தெருமுனைக் கடைக்காரரிடம் நானே போய், இனிக் கொப்பியில் எழுதவேண்டாம் ஐயா, பழைய பாக்கியை வாரம் 1,500 ரூபாயாகத் தருகிறேன் என்று சொன்னேன். அவர் முகம் சுளிக்கவில்லை. பாக்கியை மறைத்து எதிர்ப்பக்கத்தால் நடந்து போகிறவர்களைப் பார்த்துப் பழகியவர் அவர். நேரே வந்து சொன்னது அவருக்குப் பிடித்தது.

ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் எடுக்கலாமா என்று பலரும் கேட்பார்கள். புதுக் கடனின் உண்மையான வட்டி பழையதைவிடத் தெளிவாகக் குறைவாக இருந்து, பழையதை அன்றே முழுதாக மூடிவிட்டால் மட்டும் எடுக்கலாம். உள்ளங்கையில் காசு வந்து ஒரு வாரம் இருந்தால் அது வேறு வழியில் போய்விடும்.

மூன்றாம் படி: ஒரு மாதம் எழுதுங்கள், குறைக்காதீர்கள்

இந்த ஒரு மாதம் எதையும் வெட்டவேண்டாம். பஸ் காசு, தேநீர், கைபேசி ரீலோட், கோவில் உண்டியல் எல்லாவற்றையும் அன்றன்றே எழுதுங்கள். எங்கள் இருவரின் கைக்கு வரும் சம்பளம் 172,000. அதில் வீட்டு வாடகை 45,000. மீதி எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன். கணவரின் மதியச் சாப்பாட்டுப் பார்சல் 450 ரூபாய், 22 வேலை நாட்களுக்கு 9,900 என்பதை எழுதிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. மழை வந்தால், நேரமானால் என்று ஏறிய ஓட்டோக்களுக்கு 11,000 ரூபாய்க்கு மேல். மாலையில் பிள்ளைகளுக்கு வாங்கும் ரோல்ஸ், கட்லட் மட்டும் 6,000.

நான்காம் படி: எதை முதலில் அடைப்பது

பொதுவான விதி எளிது. எல்லாவற்றுக்கும் குறைந்தபட்சத் தவணையைக் கட்டுங்கள். மிச்சம் பிடிப்பது முழுவதையும் வட்டி அதிகமான ஒரே கடன்மேல் போடுங்கள். அது தீர்ந்ததும் அதன் தவணைக் காசையும் சேர்த்து அடுத்ததன்மேல் போடுங்கள். எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டால் ஒன்றும் தீராது.

விதிக்கு விலக்குகள் உண்டு. கடைசி நிரல் இங்கேதான் உதவும். வாடகை தவறினால் வீடு போகும். லீசிங்கில் எடுத்த முச்சக்கரவண்டிதான் வீட்டுக்குச் சோறு போடுகிறதென்றால், வட்டி குறைவாக இருந்தாலும் அந்தத் தவணை முன்னால் வரவேண்டும். நகைச் சீட்டின் காலம் முடிகிற திகதியை நாட்காட்டியில் வட்டம் போட்டு வையுங்கள். காலம் தவறினால் நகை ஏலத்துக்குப் போகும், அம்மம்மா காலத்துச் சங்கிலியை எந்தக் காசாலும் திரும்ப வாங்கமுடியாது. முழுதாக மீட்கக் காசில்லாவிட்டாலும் வட்டியைக் கட்டிப் புதுப்பிக்கலாம். முதல் தொகையில் ஒரு பகுதியைக் கட்டமுடியுமா என்றும் கேளுங்கள். தனியார் அடகுக் கடையில் அதிக வட்டிக்கு இருக்கும் நகையை மீட்டு, அரச வங்கி ஒன்றில் குறைந்த வட்டிக்கு வைப்பதும் பயன் தரும். நகைக்கடைகள் நிறைந்த செட்டியார் தெருவில் விற்றுவிடுவதா என்ற கேள்வி வந்தால், உணர்வுப் பெறுமதி இல்லாத ஒரு நகையை விற்று மற்ற நான்கை மீட்பது நல்ல கணக்கு. நாங்கள் ஒரு வளையலை விற்றோம். எனக்கு அதில் வருத்தம் இல்லை.

எங்கள் வரிசை: வட்டிக்காரர், குழுக்கடன், அட்டைகள், குளிர்சாதனப்பெட்டி, அடகு, அண்ணா. வட்டிக்காரரை முடிக்கச் சீட்டு கைகொடுத்தது. என்னோடு பாலர் பாடசாலையில் வேலை செய்கிறவர்களும் அவர்களுக்குத் தெரிந்தவர்களுமாகப் பன்னிரண்டு பேர், ஆளுக்கு மாதம் 10,000. நிலைமையைச் சொல்லி மூன்றாவது முறையைக் கேட்டு வாங்கினேன். கைக்கு வந்த 120,000 இல் 50,000 அன்று மாலையே வட்டிக்காரருக்கும், மீதி மறுநாள் குழுக்கடனுக்கும் போனது. வட்டியில்லாக் கடன் அது. ஆனால் முகம் தெரிந்தவர்கள், ஒரே இடத்தில் வேலை செய்கிறவர்கள் நடத்தும் சிறிய சீட்டுக்கு மட்டுமே இதைச் சொல்கிறேன். பெரிய ஏலச்சீட்டுப் பக்கம் போகவேண்டாம்.

ஐந்தாம் படி: கடன் தந்தவர்களிடம் பேசுங்கள்

தவணை தவறிய பிறகு போவதற்கும் தவறும் முன்பே போவதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். வங்கிக் கிளையில் முகாமையாளரைச் சந்தித்து, வருமானம் இவ்வளவு, கட்டக்கூடியது இவ்வளவு என்று ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள். தவணைக் காலத்தை நீட்டமுடியுமா, கடனட்டை மீதியைக் குறைந்த வட்டித் தவணைக் கடனாக மாற்றமுடியுமா என்று கேளுங்கள். எங்கள் இரண்டு அட்டைகளில் ஒன்றுக்கு அப்படி மாற்றித் தந்தார்கள். அதற்கு முன்பு இரண்டுக்குமான குறைந்தபட்சக் கொடுப்பனவு மாதம் 15,500. அதில் சரிபாதி வட்டிக்கே போய்க்கொண்டிருந்தது.

வாய்ப்பேச்சை நம்பாதீர்கள். சொன்னதைக் கடிதமாகக் கேளுங்கள். ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ உள்ள பத்திரத்தில் புரியாமல் ஒப்பமிடாதீர்கள். தமிழில் தரும்படி கேளுங்கள், முடியாதென்றால் வாசித்துச் சொல்லக்கூடிய ஒருவரை அழைத்துப் போங்கள். என் பெற்றோர் மலையகத்திலிருந்து இந்த நகரத்துக்கு வந்த காலத்தில் புரியாத தாளில் ஒப்பமிட்டுப் பட்ட பாட்டைக் கேட்டு வளர்ந்தவள் நான். வெற்றுக் காசோலையில் ஒப்பமிட்டு யாரிடமும் கொடுக்காதீர்கள். கணக்கில் காசில்லாமல் காசோலை திரும்பினால் விடயம் நீதிமன்றம் வரை போகலாம்.

நிறுவனம் முறைகேடாக நடந்தால் முதலில் அந்த நிறுவனத்துக்கே எழுத்தில் முறையிட்டு, பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். பதில் இல்லையென்றால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்தை 1935 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். நிதி நிறுவனங்கள்மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் நிதி ஒம்புட்ஸ்மனிடமும் முறையிடலாம். அதற்குக் கட்டணம் இல்லை.

உறவினரிடம் வாங்கியதையும் பேசவேண்டும். அண்ணாவின் அழைப்புகளை நான் நான்கு மாதம் எடுக்காமல் விட்டிருந்தேன். கடைசியில் நானே அழைத்து, மற்றவை முடிய இரண்டு வருடமாகும், அதற்குப் பிறகுதான் உங்களுக்கு என்றேன். காசை விடு, நீ ஏன் பேசாமல் இருந்தாய் என்றார் அண்ணா.

ஆறாம் படி: மிச்சம் அன்றைக்கே போகவேண்டும்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். குறைத்த செலவு தானாகக் கடனை அடைக்காது. ஓட்டோவில் போகாமல் மிச்சம் பிடித்த 400 ரூபாய் பணப்பையிலேயே கிடந்தால், மாலையில் வேறொன்றாகிவிடும். நாங்கள் முதல் இரண்டு மாதம் உடம்பைக் கசக்கிச் சிக்கனம் பிடித்தும் கடன் குறையாததற்கு இதுதான் காரணம்.

பிறகு ஒரு வெற்று ஜாம் போத்தலைக் கழுவி மேசையில் வைத்தோம். சின்னவன் தாளில் 565 என்று எழுதி அதன்மேல் ஒட்டினான். அன்று எதைத் தவிர்த்தோமோ அதன் காசு அன்றிரவே போத்தலுக்குள். பார்சல் எடுக்காத நாளில் 300. வீட்டுச் சோற்றுக்கும் செலவு உண்டென்பதால் முழு 450 அல்ல. வெள்ளிக்கிழமை மாலை வேலை முடிந்து வரும்போது பணம் வைப்பிடும் இயந்திரத்தில் அதைக் கடன் கணக்கில் போட்டு, பற்றுச்சீட்டைக் கொப்பியில் ஒட்டினோம். 565 ஐத் தாண்டிய நாட்களுக்குச் சின்னவன் நாட்காட்டியில் நட்சத்திரம் போடுவான். வங்கிச் செயலி மூலம் அன்றன்றே மாற்றினாலும் சரிதான். பிள்ளைகள் கண்ணால் பார்க்கும்படி ஏதாவது ஒன்று இருக்கட்டும்.

ஏழாம் படி: எங்கே குறைப்பது

சமையலறையில் தொடங்குங்கள், ஆனால் பிள்ளைகளின் தட்டில் கைவைக்காதீர்கள். முட்டை, பருப்பு, கீரை, சிறிய மீன் குறையக்கூடாது. அறக்குளாவும் பாரையும் வாங்கிய இடத்தில் சாளையும் நெத்தலியும் வந்தன. அதனால் யாரும் மெலியவில்லை. சோறு, பருப்பு, வல்லாரைச் சம்பல், நெத்தலிப் பொரியல் என்றால் எங்கள் வீட்டில் இன்றும் சட்டி வழிக்கப்படும்.

பருப்பு, சீனி, வெங்காயம், செத்தல் மிளகாய் ஆகியவற்றை மாதத்துக்கு ஒருமுறை புறக்கோட்டையில், நான்காம், ஐந்தாம் குறுக்குத் தெருக்களில் மொத்தமாக வாங்குகிறோம். மூன்று குடும்பங்கள் சேர்ந்து போனால் மூட்டை விலைக்கே கிடைக்கும், பங்கிட்டுக்கொள்ளலாம். சில பொருட்கள் அரச கடையான சதொசவில் மலிவு. எதற்கும் போகும் முன் விலையைக் கொப்பியில் ஒப்பிட்டுப் பாருங்கள். சுப்பர் மார்க்கெட் தள்ளுவண்டியைத் தொடவேண்டாம், கையில் பட்டியலும் கணக்காகக் காசும் மட்டும். மரக்கறியைச் சந்தையில் மாலையில் வாங்கினால் விலை இறங்கியிருக்கும். அன்றே அரிந்து சமைப்பதாக இருந்தால் அது நல்ல பேரம்.

பக்கெட் கறித்தூளை நிறுத்தினோம். மிளகாய், மல்லி, பெருஞ்சீரகம், நற்சீரகம், மிளகு, வெந்தயம், கறிவேப்பிலை எல்லாவற்றையும் மாமி தனித்தனியாக வறுப்பார். மூத்தவள் மில்லுக்குக் கொண்டுபோய் அரைத்து வருவாள். இரண்டு மாதத்துக்கு வரும், வாசனையும் வேறு. தேங்காய் 200 ரூபாயைத் தாண்டிய காலத்தில் சம்பலை வாரத்துக்கு இரண்டு நாளாக்கினோம், கறிக்கு இரண்டாம் பாலையும் வீணாக்காமல் எடுத்தோம். பால்மாவைப் பிள்ளைகளுக்கும் மாமிக்கும் மட்டும் வைத்தோம். எங்கள் இருவருக்கும் இஞ்சி போட்ட வெறும் தேநீர். பாண் வாங்கும்போது கையில் தூக்கிப் பாருங்கள். ஓர் இறாத்தல் என்றால் 450 கிராம் இருக்கவேண்டும். குறைந்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 இல் சொல்லலாம். மாலைத் தீனிக்கு அவித்த கடலை, கௌபி, ரொட்டி. முதல் வாரம் சின்னவன் ரோல்ஸ் கேட்டு அழுதான். மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை ரோல்ஸ் நாள் என்று வைத்தோம். அந்த நாளை ஒருபோதும் தவறவிடவில்லை.

மின்சாரத்தில் எல்லைகளைத் தெரிந்துகொள்வது முக்கியம். மாதப் பாவனை 60 அலகைத் தாண்டினால் முதல் அலகிலிருந்தே வேறு கட்டண அட்டவணை வரும். அதற்கு மேல் 90, 120, 180 என்ற எல்லைகள். ஒவ்வொன்றையும் தாண்டும்போது நிலையான கட்டணமும் ஏறும். ஆகவே 122 அலகிலிருந்து 118 க்கு இறங்குவதன் பயன் அந்த நான்கு அலகின் விலையைவிடப் பெரிது. ஞாயிற்றுக்கிழமைதோறும் மின்மானியைப் பார்த்துக் கொப்பியில் எழுதுங்கள். மாதக் கடைசியில் எல்லையை நெருங்குவது முன்கூட்டியே தெரியும். எங்கள் வீட்டில் மின்சாரத்தைத் தின்றது குளியலறைச் சுடுநீர் இயந்திரம். 3,500 வோட்ஸ், நான்கு பேர், ஆளுக்குப் பத்து நிமிடம்: மாதம் 70 அலகு. கொழும்பு வெயிலில் அது தேவையா என்று யோசித்து ஆளியை அணைத்துவிட்டோம். மாமிக்கு மட்டும் அடுப்பில் ஒரு கேத்தல் தண்ணீர் சுடவைப்போம். வாரத்துக்கு ஒருநாள் சேர்த்து அயன் செய்வதும் உதவியது. மின்சாரப் பட்டியல் இரண்டாம் மாதமே நன்றாக இறங்கியது.

தண்ணீரும் படிப்படியாக ஏறும் கட்டணம்தான். ஒழுகும் குழாயையும் மலசலகூடத் தொட்டியையும் பழுதுபாருங்கள். கைபேசிக்கு வீட்டில் ஒரே டேட்டாத் திட்டம் போதும்.

போக்குவரத்தில் ஓட்டோதான் ஓட்டை. பதினைந்து நிமிடம் முன்னால் புறப்பட்டால் பஸ் கிடைக்கும். கல்கிசை, மொறட்டுவைப் பக்கமிருந்து கோட்டைக்கு வேலைக்கு வருகிறவர்கள் ரயில் பருவச்சீட்டின் விலையையும் பஸ் காசையும் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். பாடசாலைப் பிள்ளைகளுக்கு இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ்களில் பருவச்சீட்டு உண்டு.

மருந்தைக் குறைக்காதீர்கள், வாங்கும் இடத்தை மாற்றுங்கள். மாமியின் பிரஷருக்கும் சீனி வருத்தத்துக்கும் தனியார் மருத்துவமனையில் பார்த்துக்கொண்டிருந்தோம். தேசிய வைத்தியசாலையில் கிளினிக் கொப்பி எடுத்தோம். அதிகாலையில் போய்க் காத்திருக்கவேண்டும், ஆனால் வைத்தியமும் மருந்தும் இலவசம். அங்கே இல்லாத மருந்தை அரச மருந்துக்கடையான ஒசுசலவில் விலை கேட்டுப் பாருங்கள். வணிகப் பெயருக்குப் பதிலாக மருந்தின் பெயரை எழுதித் தரும்படி வைத்தியரிடம் கேட்டால் தெரிவு கூடும்.

வகுப்புக் காசுதான் எங்களுக்கு மிகக் கடினமாக இருந்தது. மூத்தவள் ஐந்து பாடங்களுக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவளையே உட்காரவைத்து, எந்த வகுப்பில் உண்மையாகப் பயன் இருக்கிறது என்று கேட்டோம். கணிதமும் ஆங்கிலமும் என்றாள். மற்ற மூன்றையும் நிறுத்தினோம். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ இணையத்தளத்தில் தமிழ்மொழிப் பாடங்கள் இலவசம். சனிக்கிழமைகளில் கொழும்பு பொது நூலகத்துக்கும் போனாள். அவள் புள்ளிகள் குறையவில்லை. பிள்ளைகளுக்கு அவர்கள் வயதுக்கு ஏற்றபடி நிலைமையைச் சொல்லுங்கள். மறைத்தால் அவர்கள் அதைவிடப் பயங்கரமாகக் கற்பனை செய்வார்கள்.

அவள் பெரியபிள்ளையானதும் அதே காலத்தில்தான். மண்டபம், வீடியோ, முந்நூறு பேர் என்று உறவுகள் எதிர்பார்த்தார்கள். வீட்டிலேயே இருபத்தைந்து பேரோடு தண்ணீர் வார்த்து, ஜிந்துப்பிட்டி முருகன் கோவிலில் அர்ச்சனை செய்து முடித்தோம். ஒரு பெரியம்மா சில மாதம் பேசவில்லை, பிறகு பேசினார். கல்யாண வீடுகளுக்கு அன்பளிப்பு 2,000 ரூபாய்க்கு மேல் இல்லை என்று தீர்மானித்து, யாருக்கும் அதை மாற்றவில்லை.

வாடகை குறைந்த இடத்துக்கு மாறலாமா? மாறும் முன் முழுக் கணக்கையும் பாருங்கள். வத்தளைப் பக்கம் 12,000 குறைவாக ஒரு வீடு கிடைத்தது. நான்கு பேரின் போக்குவரத்தும் புது முற்பணமும் ஏற்றுக்கூலியும் சேர்த்துப் பார்த்தபோது முதல் வருடத்தில் மிச்சம் எதுவுமில்லை. நாங்கள் இருந்த இடத்திலேயே இருந்தோம். வெள்ளவத்தை அடுக்குமாடியில் பராமரிப்புக் கட்டணமும் சேர்த்துக் கட்டுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு வேறாக வரலாம்.

எட்டாம் படி: சிறிய அவசரக் காசு

கடன் இருக்கும்போதே, சீக்கிரமாக, 20,000 ரூபாயைத் தனியே சேர்த்து வையுங்கள். கணக்குப்படி அதையும் கடனுக்குப் போடுவதுதான் லாபம். ஆனால் நள்ளிரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால், தண்ணீர் மோட்டார் எரிந்தால், அந்தக் காசு இல்லாவிட்டால் மறுபடியும் வட்டிக்காரர் வாசலில்தான் நிற்கவேண்டும். எங்களுக்கு மூன்று முறை தேவைப்பட்டது. மூன்று முறையும் அடுத்த மாதமே நிரப்பினோம்.

கடன் தீரும் நாளில்

ஒவ்வொரு கடனும் முடியும்போது, முடிந்தது என்று எழுத்தில் கடிதம் வாங்குங்கள். பிணைக்குக் கொடுத்த மூலப் பத்திரங்கள், காசோலைகள், அடையாள அட்டைப் பிரதிகள் எல்லாவற்றையும் எண்ணித் திரும்பப் பெறுங்கள். அட்டையை மூடுவதென்றால் கணக்கையே மூடும்படி எழுதிக் கொடுங்கள்; வெட்டிப் போட்டால் மட்டும் வருடக் கட்டணம் நிற்காது. சில மாதம் கழித்துக் கிரிப் அறிக்கையை மறுபடி எடுத்து, அந்தக் கடன் தீர்ந்ததாகப் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் அறிக்கையில் ஒன்று பதியப்படாமல் இருந்தது. அந்தக் கடிதத்தைக் காட்டித்தான் திருத்தினோம்.

அடகில் இருந்த நகைகளில் மாமியின் தோட்டைக் கடைசியாக மீட்டோம். வங்கிக் கவுண்டரில் அந்தச் சிறிய காகித உறையை அவர் கையிலேயே கொடுக்கச் சொன்னேன். அங்கேயே பிரித்து, கண்ணாடியில்லாமல், தடவித் தடவி இரண்டு காதிலும் போட்டுக்கொண்டார். தோடு வைத்திருந்த உறையை மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். இப்போது அது கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது.